ஆஸ்பத்திரி வந்ததும் வலி நின்றுவிடுவது ஏன்? பிரசவத்தின் ஹார்மோன் கணக்கும் கல்வராயன் மலைப் பாதையும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைப் பக்கமாகப் போகும் சாலை, கொஞ்ச தூரத்திலேயே மலையேறத் தொடங்கிவிடும். வளைவுக்கு மேல் வளைவு. மேலே கரியாலூர், அதையும் தாண்டினால் வெள்ளிமலை. வார இறுதியில் பைக்கில் போகிறவர்களுக்கு இது சூப்பர் ரைடு. கல்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கும் நிறைமாத கர்ப்பிணிக்கோ, இதுதான் ஆபரேஷன் தியேட்டருக்கும் ரத்த வங்கிக்கும் போகிற வழி.

இடுப்பு வலி எடுத்து, 108 ஆம்புலன்ஸில் ஏறி, வளைவுகளில் குலுங்கிக் கீழே வந்து சேர்வார்கள். பிரசவ வார்டு கட்டிலில் படுத்ததும் சிலருக்கு வலி குறைந்துவிடும். "வரும்போது நல்லா வலி இருந்துச்சு, இங்க வந்ததும் நின்னுடுச்சு" என்ற பேச்சை எந்த ஊர் பிரசவ வார்டிலும் கேட்கலாம். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் பெண், காரில் வந்து தனி அறையில் அட்மிட் ஆனாலும் இதே கதை நடக்கலாம்.

சில நேரம் அது நிஜமாகவே பொய் வலியாக இருக்கும். ஆனால் எல்லா நேரமும் இல்லை. பிரசவத்தை நடத்துவது உடலின் ஹார்மோன்கள். அந்த ஹார்மோன்களுக்கு இடம், வெளிச்சம், சத்தம், பக்கத்தில் நிற்கும் ஆள் என எல்லாமே கணக்கு. இந்தக் கணக்கு புரிந்தால், "வலிக்கு டிரிப்ஸ் போடலாமா?", "சிசேரியன் பண்ணிடலாமா?" என்று டாக்டர் கேட்கும்போது பதற்றமில்லாமல் பேச முடியும்.

வலியை வரவழைப்பது யார்?

முதல் பெயர் ஆக்ஸிடோசின். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது இதன் வேலை. பிட்யூட்டரிச் சாறுக்கு இந்தத் திறன் இருப்பதை 1906-ல் பிரிட்டன் விஞ்ஞானி ஹென்றி டேல் கவனித்தார். 1953-ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார். 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று டிரிப்ஸில் ஏற்றப்படுவது இந்தச் செயற்கை ஆக்ஸிடோசின்தான்.

இந்த ஹார்மோனுக்கு ஒரு வித்தியாசமான குணம் உண்டு. உடலில் பெரும்பாலான ஹார்மோன்கள் அளவு கூடினால் தானாகக் குறைந்துகொள்ளும். பிரசவத்தில் ஆக்ஸிடோசின் அப்படியில்லை. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்துகிறது. அந்தத் தகவல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை இன்னும் கொஞ்சம் ஆக்ஸிடோசினை விடுகிறது. கர்ப்பப்பை இன்னும் பலமாகச் சுருங்க, தலை இன்னும் கீழே இறங்குகிறது. குழந்தை வெளியே வரும்வரை இந்தச் சுற்று நிற்பதில்லை. இதை 1941-ல் விளக்கியவர் பெயரால் 'ஃபெர்குசன் அனிச்சைச் செயல்' என்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். ஆக்ஸிடோசின் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராகக் கொட்டாது. விட்டு விட்டு வரும். அதனால்தான் வலியும் விட்டு விட்டு வருகிறது. நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் நன்றாகப் போகிறது. அம்மாவும் மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

ஆக்ஸிடோசினுக்குத் துணையாக இன்னும் சில ஹார்மோன்கள் உண்டு. புரோஸ்டாகிளாண்டின் கர்ப்பப்பை வாயை மென்மையாக்கி இளக வைக்கிறது. பீட்டா எண்டார்ஃபின் உடல் தானே தயாரிக்கும் வலி நிவாரணி. மார்ஃபின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. வலி கூடக் கூட இதுவும் கூடும். வலி உச்சத்தில் இருக்கும்போது சில பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, யார் பேசினாலும் காதில் வாங்காமல் வேறு உலகத்தில் இருப்பதுபோல் தெரிவதில் இதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். புரோலாக்டின் பால் சுரப்புக்கான ஹார்மோன்.

பயம் வந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் அட்ரினலின் உள்ளே வருகிறது. ஆபத்து என்று உடல் நினைத்தால் சுரக்கும் ஹார்மோன் இது. ஓடு, இல்லையென்றால் எதிர்த்து நில் என்று உடலைத் தயார்ப்படுத்தும். ரத்தத்தைக் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடும். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். பிரசவத்தின் ஆரம்பக் கட்டத்தில் இது அதிகமானால் சுருக்கங்கள் தளர்ந்து போகலாம்.

இயற்கையின் பார்வையில் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டில் குட்டி போடப்போகும் விலங்குக்குப் பக்கத்தில் ஒரு வேட்டை மிருகம் வந்தால், பிரசவம் தள்ளிப்போவதுதான் நல்லது. 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் நைல்ஸ் நியூட்டன் எலிகளை வைத்துச் சோதித்தார். குட்டி போடும் நேரத்தில் இடம் மாற்றி, தொந்தரவு கொடுத்த எலிகளுக்குப் பிரசவம் நீண்டது. குட்டிகள் இறப்பதும் அதிகமாக இருந்தது. மனிதர்களை எலியோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் பதற்றமும் அட்ரினலினும் கூடுதலாக இருந்த தாய்மார்களுக்குப் பிரசவம் நீண்டுபோனதை 1970-களில் நடந்த ஆய்வுகளும் பதிவு செய்தன.

இப்போது ஒரு பிரசவ வார்டை நினைத்துப் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சம். பக்கத்துக் கட்டிலில் அலறல். திரைச்சீலை இல்லாத அறை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் வந்து கைவிட்டுப் பார்ப்பது. "கத்தாதேம்மா" என்று ஒரு அதட்டல். முதன்முறையாக மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. உடல் அதை ஆபத்து என்று படித்துக்கொண்டால் அது உடலின் தப்பில்லை.

தலைச்சன் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் நம் ஊர் வழக்கத்தை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். பழகிய இடம், பழகிய குரல், பக்கத்தில் அம்மா. ஹார்மோன் என்ற சொல் தெரியாமலே அதற்குத் தேவையான சூழலை வீடு கொடுத்துக்கொண்டிருந்தது.

குழந்தைக்கும் ஸ்ட்ரெஸ் உண்டா?

உண்டு. அதில் நல்லதும் உண்டு. பிறப்புப் பாதையில் அழுந்தி வரும்போது குழந்தையின் உடலிலும் அட்ரினலின், நார்அட்ரினலின் போன்றவை ஏராளமாகச் சுரக்கின்றன. ஸ்வீடன் குழந்தை மருத்துவர் ஹூகோ லாகர்கிரான்ஸ், சக விஞ்ஞானியுடன் சேர்ந்து 1986-ல் இதைப் பிரபலமான ஒரு கட்டுரையாக எழுதினார். குழந்தையின் நுரையீரலில் நிறைந்திருக்கும் திரவம் உறிஞ்சப்படவும், பிறந்ததும் மூச்சு சீராக வரவும், உடல் வெப்பம் காக்கவும், சர்க்கரை அளவு விழாமல் இருக்கவும் இந்த ஹார்மோன் வெள்ளம் உதவுகிறது.

வலியே எடுக்காமல், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் சிசேரியனில் குழந்தைக்கு இந்த வெள்ளம் குறைவாகவே கிடைக்கிறது. அப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு முதல் ஓரிரு நாள் மூச்சு வேகமாக இருக்கும். இன்குபேட்டர், ஆக்ஸிஜன் தேவைப்படலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 39 வாரம் முடியும் முன்பே செய்தால் இந்த வாய்ப்பு கூடும். 'நல்ல நேரம்', 'நல்ல நட்சத்திரம்' பார்த்து தேதியை முன்னே இழுக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

வலிக்கு டிரிப்ஸ் போட்டால்?

கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டால், செயற்கை ஆக்ஸிடோசின் அருமையான மருந்து. நீண்டு போகும் பிரசவத்தில் அம்மாவுக்குக் களைப்பு, கிருமித் தொற்று, குழந்தைக்கு மூச்சுத் திணறல் என ஆபத்துகள் வரிசைகட்டி நிற்கும். சரியான நேரத்தில், சரியான அளவில் போட்ட டிரிப்ஸ் ஒரு சிசேரியனையே தவிர்க்கலாம்.

ஆனால் உடலின் ஆக்ஸிடோசினும் டிரிப்ஸ் ஆக்ஸிடோசினும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உடல் விட்டு விட்டுக் கொடுப்பதை டிரிப்ஸ் தொடர்ந்து கொடுக்கிறது. அளவு கூடினால் வலிக்கும் வலிக்கும் நடுவே இடைவெளி சுருங்கும். குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையும். அரிதாகக் கர்ப்பப்பையே கிழியலாம். அதனால்தான் டிரிப்ஸ் ஓடும் நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிக்க ஆள் வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உடலே சுரக்கும் ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளும் வேலை செய்கிறது. பதற்றத்தைத் தணிக்கிறது, குழந்தையோடு ஒட்ட வைக்கிறது. டிரிப்ஸில் போவது ரத்தத்திலிருந்து மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. வலியைக் கொடுக்கும், ஆறுதலைக் கொடுக்காது. மணிக்கணக்கில் அதிக அளவு ஏற்றினால், கர்ப்பப்பைத் தசையில் ஆக்ஸிடோசினை ஏற்கும் வாங்கிகள் மரத்துப்போவதும் உண்டு. அப்படி ஆனால் குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தப்போக்கு கூடும் அபாயம் இருக்கிறது.

அதற்காக டிரிப்ஸ் என்றாலே வில்லன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துப் பிரசவத்தைத் தொடங்கி வைத்தால் சிசேரியன் கூடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட தலைச்சன் கர்ப்பிணிகளிடம் நடந்த 'அரைவ்' ஆய்வு 2018-ல் வெளியானது. அதிக ஆபத்து இல்லாத அந்தப் பெண்களில், 39-வது வாரத்தில் பிரசவத்தைத் தூண்டிய குழுவில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன். காத்திருந்த குழுவில் 22.2 சதவீதம். ஆனால் அங்கே ஒவ்வொருவரையும் மணிக்கணக்கில் கவனிக்க ஆட்களும் கருவிகளும் இருந்தன. ஒரே நர்ஸ் பல கட்டில்களைப் பார்க்கும் வார்டில் அதே பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

2018-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. 'மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும்' என்ற பழைய அளவுகோலை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. அம்மாவும் குழந்தையும் நன்றாக இருந்தால், வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் டிரிப்ஸ் போட வேண்டாம். எல்லோருக்கும் கத்தரித்துத் தையல் போடுவதும், குழந்தை வெளியே வர வயிற்றைப் பிடித்து அமுக்குவதும் வேண்டாம்.

எபிடியூரல் பற்றி?

முதுகுத்தண்டுப் பக்கம் ஊசி வழியே மருந்து செலுத்தி வலியைக் குறைக்கும் முறை இது. வலி தெரியாதபோது அட்ரினலினும் குறையும், எண்டார்ஃபினும் குறையும். பயந்து, களைத்துப்போன பெண்ணுக்கு அட்ரினலின் குறைவது பிரசவம் நகர உதவலாம். அதே சமயம், முக்கும் உணர்வு மங்குவதால் கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். 'எபிடியூரல் போட்டா சிசேரியன்தான்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்றே சொல்கிறது. வலி தாங்கினால்தான் நல்ல அம்மா என்று எந்த ஹார்மோனும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு சிசேரியன் கணக்கு

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பேறுகால மரண விகிதம், 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. அப்போது இந்திய சராசரி 97. இது சாதாரண விஷயமில்லை. கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108, சிசேரியன் வசதியுள்ள சீமாங்க் மையங்கள் என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். 2015-16-ல் மாநில அளவு 34.1-ஆக இருந்தது. இந்திய சராசரி 21.5. ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சிசு மரணங்கள் குறைகின்றன. அதற்கு மேல் உயர்வதால் மரணம் மேலும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை எட்டுவது இலக்காக இருக்கக் கூடாது, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி வழியை மறைத்துக்கொண்டிருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், தொப்புள் கொடி முன்னால் இறங்கினால், இதயத் துடிப்பு விழுந்தால் சிசேரியன்தான் உயிர். கேள்வி மற்ற சிசேரியன்களைப் பற்றியது. நேரமின்மை, ஆள் பற்றாக்குறை, 'எதுக்கு ரிஸ்க்' என்ற குடும்பத்தின் பதற்றம், டாக்டர்மேல் கேஸ் வந்துவிடுமோ என்ற பயம், ஜாதகம் ஆகியவை சேர்ந்து எடுக்கும் முடிவுகள்.

தையல் மலையேறினால்…

ஒரு சிசேரியனின் விலை எல்லோருக்கும் ஒன்றில்லை. நகரத்தில் இருப்பவருக்கு அடுத்த பிரசவத்தின்போதும் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு ஆபரேஷன் தியேட்டர் இருக்கும். மலைக்காரருக்கு அப்படி இல்லை.

முதல் குழந்தை சிசேரியன் என்றால், அடுத்தடுத்த பிரசவங்களில் பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது. நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் ஒட்டி, கர்ப்பப்பைச் சுவருக்குள் வேரோடும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடுகிறது. அப்படி நடந்தால் ரத்தம் கொட்டும். சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பெண்ணுக்கு இனி ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. தியேட்டரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் இருக்கும் இடம்தான் வேண்டும். கீழே தேவையில்லாமல் போட்ட ஒரு தையல், அவரோடு மலையேறிப் போய், அடுத்த கர்ப்பத்தில் ஒரு நெடும் பயணமாகத் திரும்பி வருகிறது.

அந்தப் பயணம் எளிதானதும் இல்லை. மலையாளி பழங்குடியினர் அதிகம் வாழும் கல்வராயன் மலை, 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பகுதி. அரசின் வசதிகள் பல இங்கே தாமதமாகத்தான் வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச் சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, போக்குவரத்து போன்ற அடிப்படைக் குறைகள் அங்கே பேசப்பட்டன. சாலை என்பது இங்கே பிரசவ சிகிச்சையின் ஒரு பகுதி.

உலக அளவில் மகப்பேறு நிபுணர்கள் இரண்டு பிரச்சினைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, உதவி கொஞ்சமாக, அதுவும் ரொம்பத் தாமதமாகக் கிடைப்பது. மற்றொன்று, உதவி அளவுக்கு மீறி, ரொம்பச் சீக்கிரமாகத் திணிக்கப்படுவது. பணக்கார நாட்டில் ஒன்று, ஏழை நாட்டில் மற்றொன்று என்று முன்பு நினைத்தார்கள். இப்போது ஒரே மாவட்டத்துக்குள், ஒரே பெண்ணின் வாழ்க்கைக்குள்ளேயே இரண்டும் வரலாம்.

அப்போ வீட்டிலேயே பெத்துக்கலாமே?

ஹார்மோன் பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி இது. வீட்டில் பயமில்லை, அட்ரினலின் இல்லை, எனவே வீட்டிலேயே பிரசவம் என்று வாட்ஸ்அப் குரூப்களும் வீடியோக்களும் சொல்கின்றன. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோக்களைப் பார்த்து வீட்டில் பிரசவம் செய்துகொள்ள முயன்ற 28 வயதுப் பெண், ரத்தப்போக்கால் உயிரிழந்தார்.

அங்கே என்ன நடந்திருக்கும் என்பதையும் ஹார்மோன் பாடமே சொல்கிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். ஆக்ஸிடோசின் வேலை செய்து கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால்தான் அவை மூடும். இறுகாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். யாருக்கு இறுகாமல் போகும் என்று முன்கூட்டியே முழுமையாகக் கணிக்க முடியாது. எல்லா ஸ்கேனும் நார்மல், எந்தச் சிக்கலும் இல்லை என்றிருந்த பெண்ணுக்கும் நடக்கலாம்.

அதனால்தான் எந்த மருத்துவமனையிலும் குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஆக்ஸிடோசின் எல்லா அம்மாக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்தை அவசரப்படுத்தப் போட்டால் கேள்வி கேட்க வேண்டிய அதே மருந்து, குழந்தை பிறந்த அடுத்த நிமிஷம் உயிர் காக்கும் மருந்து. மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

மலையில் பல தலைமுறைப் பெண்கள் வீட்டில்தான் பெற்றார்கள். அனுபவமுள்ள மருத்துவச்சிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் அந்த ஊசி இல்லை, ரத்தமும் இல்லை. பிழைத்தவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜும் ஒரு பிரசவக் கருவி

ஆக்ஸிடோசினுக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடு ஆகாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், ஃப்ரிட்ஜ் சரியில்லாத இடத்தில், குப்பியில் மருந்து இருக்கும், வீரியம் இருக்காது. மலைக் கிராமத்துப் பெண்ணின் உயிர் ஒரு ஃப்ரிட்ஜின் பிளக்கில் தொங்கலாம்.

இதற்கு மாற்றாக, சூட்டைத் தாங்கும் கார்பிடோசின் என்ற மருந்தை இந்தியா உட்பட 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்ஸிடோசினுக்குச் சற்றும் குறையவில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது சேர்ந்தது.

இதே 2018-ல் இந்தியாவில் ஆக்ஸிடோசின் பெரிய சண்டையில் சிக்கியது. பால் கறக்க மாடுகளுக்கு இதைத் தவறாகப் போடுகிறார்கள் என்று கூறி, தனியார் நிறுவனங்கள் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்றது. நாடு முழுக்கப் பிரசவ வார்டுகளில் தட்டுப்பாடு வருமோ என்ற அச்சம் எழுந்தது. அந்த டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

செலவில்லாத சிகிச்சை எது?

பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் தொகுத்தது. பிரசவ நேரம் முழுக்கத் துணைக்கு ஒருவர் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, பிரசவ நேரமும் குறைவு. துணை இருந்தால் பயம் குறைகிறது, பயம் குறைந்தால் அட்ரினலின் குறைகிறது என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று.

அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2000-களிலேயே கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் தனிமறைவு, துணை, மரியாதை மூன்றையும் பிரசவ அறையின் தர அளவுகோலில் சேர்த்தது. ஆகவே துணைக்கு ஆள் கேட்பது சலுகை கேட்பதாகாது. மலையிலிருந்து வரும் பெண்ணுக்கு, அவர் பேச்சு வழக்கு தெரிந்த ஒரு அக்காவோ அத்தையோ பக்கத்தில் இருப்பது இன்னும் முக்கியம்.

மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் உள்ள பிரசவக் காத்திருப்பு அறைகளும் இதே காரணத்துக்காகத்தான் பயன்படுகின்றன. தேதி நெருங்கும்போதே வந்து தங்கிவிட்டால், வலியோடு இரவில் வளைவுகளில் இறங்க வேண்டியதில்லை. வலி எடுக்கும் முன்பே அந்த இடமும் அங்குள்ள முகங்களும் பழகிவிடும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்களுக்கோ, மனைவிக்கோ, அக்கா தங்கைக்கோ பிரசவம் நெருங்குகிறது என்றால், எட்டாவது மாதத்திலேயே இவற்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

• பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமா? யார் இருக்கப்போகிறார்?

• டிரிப்ஸோ ஜெல்லோ வைப்பதாகச் சொன்னால்: காரணம் என்ன? இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் என்ன ஆகும்? குழந்தையின் துடிப்பை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?

• வலி இருக்கும்போது எழுந்து நடக்கலாமா, பக்கவாட்டில் படுக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா?

• சிசேரியன் என்றால்: இது அவசரமா, திட்டமிட்டதா? திட்டமிட்டது என்றால் 39 வாரம் முடிந்த பிறகு வைக்கலாமா?

• சிசேரியன் ஆனாலும் குழந்தையை உடனே அம்மாவின் நெஞ்சில் போடுவீர்களா? முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க உதவி கிடைக்குமா? தோலோடு தோல் சேர்வதும் குழந்தை சப்புவதும் ஆக்ஸிடோசினையும் புரோலாக்டினையும் தூண்டும். சிசேரியனில் தவறிய ஹார்மோன்களில் கொஞ்சத்தை இங்கே மீட்டுக்கொள்ளலாம்.

• இங்கே ரத்தம் கிடைக்குமா? இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும்?

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

'இயற்கையா, மருத்துவமா' என்ற பட்டிமன்றம் நகரத்து மொபைல் திரைகளில் சூடாக ஓடுகிறது. மலையில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். பயமில்லாமல் வலி தாங்க ஒரு மறைவான கட்டிலும் தெரிந்த கையும் வேண்டும். பெற்ற மறுநிமிஷம் குளிர் மாறாத ஒரு ஊசி வேண்டும். தேவைப்பட்டால் தடையில்லாமல் தியேட்டர் போய்ச் சேர ஒரு சாலையும் வேண்டும். யோசித்துப் பார்த்தால் நகரத்துப் பெண்ணுக்கும் தேவை இதேதான். அவருக்குச் சாலை ஏற்கெனவே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.